பல்பு எரிந்தால் பாஸ்

“அந்தக் கட்டியை உடைங்கப்பா.”

சின்னவள் கேட்டேவிட்டாள். அந்த வீட்டில் கேட்கக் கூடாதது என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். சண்டை போடலாம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகலாம், கதவை அறைந்து சாத்தலாம். அப்பா ஊற்றி இறுகவைத்த கருப்புக் கட்டியை உடைக்கச் சொல்லி மட்டும் யாரும் வாய் திறந்தது கிடையாது. சின்ன வயதில் அப்படிப்பட்ட ஒரு கட்டியைக் கல்லால் தட்டிப் பார்த்ததற்கு அவள் முதுகில் வாங்கிய அடியை அம்மா இன்றைக்கும் ஊருக்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள்.

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. சோல்டரிங் கோலின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தார். சுர்ரென்று ஒரு கீற்றுப் புகை எழுந்து அடங்கியது.

“என்ன கேட்ட?”

“காதுல விழுந்திருக்கும்.”

“விழல. திருப்பிச் சொல்லு.”

“மாமாவோட செட்டுல இருக்கிற கட்டியை உடைங்க. உள்ள என்ன இருக்குன்னு நான் பார்க்கணும்.”

அடுக்களை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “ஏன்டி, வீட்ல இருக்கிற இழவு போதாதா? நீ வேற புதுசா ஒண்ணைக் கிளப்பணுமா?”

“நான் பழசைத்தாம்மா கிளப்புறேன்.”

முன்னறைதான் பட்டறை. ஜன்னலை ஒட்டி நீள மேஜை, அதன்மேல் மீட்டர்கள், இடுக்கிகள், ஈயக்கம்பிச் சுருள். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். தெருவில் அப்பாவைச் ‘செட்டுக்காரர்’ என்றால்தான் தெரியும். கட்டடம் கட்டுகிற இடங்களில் கிரேன் ஓட்டுகிறவரும் கீழே நிற்கிறவரும் பேசிக்கொள்ளும் கைரேடியோ செட்டுகளை அவர் செய்து கொடுப்பார். செட்டின் உயிர் ஆம்ப்ளிஃபயரில் இருந்தது. பேச்சைத் தூக்கிக்கொண்டு வரும் நோஞ்சான் அலையை அது வாங்கி, ஆன்டெனா வீசியெறியும் அளவுக்குத் தெம்பேற்றி அனுப்பும். அதைச் செய்து முடித்ததும் அப்பா டிரான்சிஸ்டரின் முதுகில் அச்சடித்திருக்கும் பெயரை உப்புத்தாளால் தேய்த்து அழிப்பார். பிறகு அதைத் தகரப் பெட்டிக்குள் இறக்கி, மேலே கருப்பு ரெசினைக் கஞ்சி மாதிரி ஊற்றுவார். விடிந்து பார்த்தால் கல். எவனும் திறந்து பார்த்துக் காப்பியடிக்க முடியாது.

அப்பாவுக்கு ஒருத்தரையும் நம்பிப் பழக்கமில்லை. பெட்டி வளைக்கிறவரை நிற்கவைத்தே பேசி அனுப்புவார். செட்டு வாங்க வருகிறவர்கள் ஃபோனைச் சட்டைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். கையில் எடுத்தால் மேஜைமேல் துணியைப் போட்டு மூடிவிடுவார். “எந்தப் புத்துல எந்தப் பாம்போ” என்று அவர் சொல்லாவிட்டாலும் முகத்தில் அது எழுதி ஒட்டியிருக்கும்.

கட்டி இறுகியதும் ஒரே ஒரு பரீட்சை. ஆன்டெனா மாட்டுகிற இடத்தில் ஒரு சின்ன பல்பை மாட்டிப் பேசும் பொத்தானை அழுத்துவார். பல்பு பளிச்சென்று எரிந்தால், “பாஸ்!” தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அவள் வளர்ந்தாள். அவள் பள்ளியில் பாஸானபோதும் கல்லூரியில் பாஸானபோதும் அதே குரலில்தான் சொன்னார்.

பழைய செட்டுகளைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வோல்ட், செங்கல் கனத்தில் பேட்டரி. இப்போது சைட்டுகளில் சட்டைப்பைக்குள் போகிற செட்டு கேட்டார்கள். சின்ன பேட்டரி, வோல்டேஜ் ஏறக்குறைய பாதி. அப்பா தம் பழைய ஆம்ப்ளிஃபயரை அதில் ஓட்டிப் பார்த்தார். எலி கத்துகிற சத்தம்தான் போய்ச் சேர்ந்தது. பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில், “இன்ஜினியரம்மா, காலேஜ்ல சும்மா பெஞ்சு தேச்சியா, ஏதாவது கத்துக்கிட்டியா?” என்று கேட்டார். அவரால் அப்படித்தான் உதவி கேட்க முடியும்.

அவள் உட்கார்ந்து செய்தாள். வோல்டேஜ் பாதியானால் அதே பலத்துக்குக் கரண்ட் இரண்டு மடங்காக வேண்டும். டிரான்சிஸ்டர் இழுக்கிற சுமை கால் பங்காகக் குறைய வேண்டும். அதாவது நாலைந்து ஓம், அவ்வளவுதான். ஆன்டெனாவோ ஐம்பது ஓம். இந்த இரண்டுக்கும் நடுவில் தூது போக, பழைய ஆம்ப்ளிஃபயரில் சுருள் சுருளாகக் காயில் இருக்கும். இதில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஓர் அரை வட்டச் செப்புக் கம்பியும் இரண்டு கெப்பாசிட்டரும் போதும். ஆனால் அந்த வளைவு மயிரிழை சாய்ந்தாலும் கணக்கு மாறிப்போகும். இரும்பு பட்டால் கெடும் என்று ஒவ்வொரு செட்டிலும் பல்குத்தும் குச்சியால் அதைத் தள்ளித் தள்ளி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து நிறுத்தினாள். பேட்டரி தேயத் தேய டிரான்சிஸ்டர் உள்ளுக்குள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதற்கும் இடம் விட்டு வைத்தாள். எல்லாம் முடிந்ததும் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “இதுல ரெசின் ஊத்தாதீங்க. தகர மூடி மட்டும் போடுங்க.”

அப்பா “ம்” என்றார். அந்த ‘ம்’மை நம்பியதுதான் தன் தப்பு என்று இப்போது அவளுக்குத் தோன்றியது. செட்டுகளெல்லாம் சைட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், மாமாவின் செட்டில், கட்டி இருப்பதையே பார்த்தாள். கேட்டதற்கு, “தொழில்னா அப்படித்தான், நீ உன் வேலையைப் பாரு” என்றார். அன்றைக்கே சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை.

போன வாரம் மத்தியானம், அக்காவின் புருஷனான மாமா வேலை செய்யும் சைட்டில் கிரேனில் தொங்கிய இரும்புக் கட்டு சுழன்றுபோய், கம்பி கட்டுகிற ஒருவரின் இடுப்பில் இடித்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எழுந்து நடப்பாரா என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கிரேன்காரருக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது. கீழே நின்று செட்டில் வழி சொல்வதுதான் மாமாவின் வேலை. “நிறுத்துன்னு கத்தினேன், கத்திட்டே இருந்தேன்” என்கிறார் மாமா. “ஒரு சத்தமும் வரல” என்கிறார் கிரேன்காரர். “ஃபோன்ல கேம் ஆடிட்டு இருந்திருப்பான்” என்கிறார்கள் மற்றவர்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் சைட் ஆபீசில் எல்லோர் முன்னாலும் மாமா ‘கவனக்குறைவு’ என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் வேலையை விட்டு அனுப்புவார்கள், இல்லையென்றால் போலீஸ்.

மாமாவும் அக்காவும் இந்த வீட்டு மாடி அறையில்தான் இருந்தார்கள். வீட்டோட மாப்பிள்ளை என்று அம்மா அவரைச் செல்லமாகவும் அப்பா வேறு மாதிரியும் சொல்வதுண்டு.

“உடைச்சுப் பார்த்து என்ன கிழிக்கப் போற?” அப்பா கோலை ஸ்டாண்டில் குத்தினார். “செட்டு நல்லாத்தான் இருக்கு. விபத்து முடிஞ்சு வந்த அன்னைக்கே பார்த்துட்டேன்.”

“வந்த அன்னைக்கே சார்ஜ்லயும் போட்டுட்டீங்க. பேட்டரி எந்த நிலையில இருந்துச்சுன்னு இனி யாருக்குத் தெரியும்?”

“வர்ற செட்டை முதல்ல சார்ஜ்ல போடறது இந்த வீட்டு வழக்கம். உனக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து.”

“அன்னைக்கும் வழக்கமாத்தான் போட்டீங்களா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “என்னை என்ன திருடன்னு நினைச்சியா?”

அவள் அப்படி நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் வாங்கித் தந்தது நல்ல டிரான்சிஸ்டர். முதுகில் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டால் உள்ளே இருப்பது அதுதானா, சந்தையில் கிடைக்கிற போலியா என்று எவன் கண்டான்? இது தெரிந்துதான் அவள் கொடுக்கும்போதே ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்திருந்தாள். பெற்ற அப்பாவுக்கு ரகசியமாக அடையாளம் வைக்கிற மகள். அப்பாவின் ரத்தம் வேறெங்கே போகும்?

“ஏன்டி, அவரையே குத்திக்கிட்டு இருக்க,” என்றாள் அம்மா. “மாப்பிள்ளைக்கு வேற வேலை கிடைக்கும். இந்தப் பட்டறை பேர் கெட்டா நம்ம எல்லாருக்கும் சேர்த்துப் போச்சு. அவரே ஒத்துக்கறேன்னுட்டாரு. நீ எதுக்குக் குறுக்க விழற?”

“அவரு ஒத்துக்கறேன்னு சொல்லல. நீங்க எல்லாரும் பார்க்கிற பார்வையில வாயை மூடிக்கிட்டாரு.”

பின்கட்டில் மாமா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா அவர் பக்கம் திரும்பாமலே வேலை செய்தாள். ஈரச் சட்டையை உதறிய உதறலில் நாலு துளி அவர் முகத்தில் தெறித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. மாமாவின் ஃபோனை அவள் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

சின்னவள் அக்காவைத் தனியே இழுத்தாள். “நீயும் நம்பலையா?”

“நான் நம்பி என்ன, நம்பாம என்ன?” அக்கா கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினாள். “ராத்திரி போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சு ஆடுவாரு. விட்டுட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவாரு. மறுநாள் கையும் களவுமா பிடிப்பேன். இதே மூஞ்சிதான்டி அப்பவும். பாரு, இதே மூஞ்சி.”

“அன்னைக்கு ஆடினாரா?”

“இல்லைங்கறாரு.”

“செட்டுகளைப் பத்தி சைட்ல வேற யாராவது குறை சொல்லியிருக்காங்களா, மாமா?” அவள் குரலை உயர்த்திக் கேட்டாள்.

மாமா தலையை நிமிர்த்தினார். யாரோ தன்னிடம் கேள்வி என்று ஒன்று கேட்டதே அவருக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும். “காலையில கணீர்னு கேக்கும். மத்தியானத்துக்கு மேல ஒரு மாதிரி. உங்கப்பாகிட்ட சொன்னோம். பேட்டரியை மாத்துங்கடான்னாரு. மாத்தினா சரியாயிடும். அதனால அப்படியே விட்டுட்டோம்.”

மத்தியானத்துக்கு மேல் என்றால் தேய்ந்த பேட்டரி. போலி டிரான்சிஸ்டரும் அப்படித் தளரும். ஆனால் அவள் விட்டுவைத்த இடம் போதாமல் போயிருந்தாலும் அதேதான் நடக்கும். அப்படியானால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரின் இடுப்பை உடைத்தது அப்பா இல்லை, அவள். இந்த எண்ணம் வாரம் முழுக்க அவள் சோற்றோடு சோறாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. உடைத்துப் பார்த்தால்தான் யார் என்று தெரியும். தெரியாமல் இருப்பது அவளால் முடியாத காரியம்.

அவள் முன்னறைக்குத் திரும்பியபோது அப்பா மாமாவின் செட்டை மேஜையில் நடுநாயகமாக வைத்திருந்தார். பல்பு மாட்டியாயிற்று.

“எல்லாரும் வாங்க. மாப்பிள்ளை, நீங்களும் வாங்க. உடைக்கிறதெல்லாம் நடக்காது. பல்பு எரியும், பார்த்துக்கங்க. எரிஞ்சா இந்த அம்மா அதோட வாயைப் பொத்திக்கணும்.”

பொத்தானை அழுத்தினார். பல்பு எரிந்தது.

“பாஸ்!”

“இந்த பேட்டரியில இல்லப்பா.” அவள் ஜன்னல் பக்கம் போனாள். அங்கே காலையிலிருந்து ஒரு சின்ன விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புழுக்கம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது அது சோம்பிச் சோம்பிச் சுற்றியது. அதன் வயரைப் பிடுங்கி, பின்னால் கட்டியிருந்த பேட்டரியை எடுத்தாள். மீட்டரை வைத்து எல்லோருக்கும் முள்ளைக் காட்டினாள். “அன்னைக்கு மத்தியானம் மாமா கையில எப்படி இருந்திருக்குமோ அப்படி. இதைப் போடுங்க.”

“அடேயப்பா. காத்து வாங்கறேன்னு பார்த்தா, இவ்வளவு திருட்டுத்தனமா?”

“உங்க பொண்ணுதானே.”

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டாள். அப்பா பேட்டரியை மாற்றினார். அழுத்தினார்.

பல்பு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது.

“பார்த்தியா!” அப்பா மேஜையில் தட்டிய தட்டில் திருகாணிகள் குதித்தன. “தேஞ்ச பேட்டரியிலயும் எப்படி நிக்குது பார்! என் கையில ஊத்தின கட்டி! மாப்பிள்ளை, மன்னிச்சுக்கங்க, செட்டு மேல பழி போட முடியாது.”

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவரை அடித்திருக்கலாம்.

சின்னவள் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் உறைத்தது.

“அப்பா. பேட்டரி தேஞ்சிருக்கு. பல்பு எப்படிப்பா கூட எரியும்?”

“ஏன், எரியக் கூடாதா?”

“எங்கேயிருந்து வருது அந்த வெளிச்சம்? குறைஞ்சுதான எரியணும்?”

அப்பாவின் விரல் பொத்தானிலிருந்து மெல்ல எழுந்தது.

“பல்புக்குச் சூடு பட்டா எரியும். அது என்ன அலைன்னு பல்புக்குத் தெரியுமா? ஆம்ப்ளிஃபயர் கட்டறுத்துக்கிட்டு தானாவே ஆட ஆரம்பிச்சாலும் பல்பு எரியும். நல்லாவே எரியும். ஆனா நாம பேசற சேனல்ல அது இருக்காது. உள்ள போற பேச்சை அமுக்கிட்டு, அது பாட்டுக்கு வேற எங்கேயோ கத்திட்டு இருக்கும்.”

“காலேஜ் பாடம்.”

“பாடம் வேணாம். ஆன்டெனாவை மாட்டுங்க. அக்கா, நீ இந்த இன்னொரு செட்டை எடுத்துக்கிட்டு என்கூட தெருமுனைக்கு வா. மாமா மொட்டை மாடியில நின்னு பேசட்டும்.”

“அவன் பொத்தானை அழுத்தாம அழுத்தின மாதிரி நடிப்பான்,” என்றார் அப்பா. கோபத்தில் மாப்பிள்ளை ‘அவன்’ ஆகிவிட்டிருந்தார். “நானும் மாடிக்குப் போறேன். பக்கத்துல நின்னு என் கண்ணால பார்க்கறேன்.”

“போங்க. அதைத்தான் நானும் கேக்கறேன்.”

பக்கத்து வீட்டில் இரும்புக் கதவு செய்கிறவர்கள். தெருவெல்லாம் அவர்களுடைய அறுக்கும் மெஷினின் கூச்சல். வாசலில் மழைத்தண்ணீர் தேங்கி, இரும்புத் தூள் விழுந்து துருநிறமாகியிருந்தது. அக்காவும் தங்கையும் அதைத் தாண்டித் தெருமுனைக்கு வந்து நின்றார்கள். மாடியில் மாமாவும் அப்பாவும் பொம்மைகள் மாதிரி தெரிந்தார்கள்.

முதலில் முழு பேட்டரி. “கேக்குதா?” மாமாவின் குரல் அக்காவின் கையில் கணீரென்று ஒலித்தது. அக்கா கையை ஆட்டினாள். மாடியில் இருவரும் குனிந்து பேட்டரியை மாற்றினார்கள்.

பிறகு செட்டில் எதுவும் வரவில்லை. ஒரு கரகரப்பு எழுந்து அடங்கியது. அவ்வளவுதான்.

“ஏன் பேச மாட்டேங்கறாரு?” என்றாள் அக்கா.

“மேல பாரு.”

மாமா செட்டை வாயருகே வைத்திருந்தார். மறு கை உயர்ந்தது. விரல்களை விரித்து, உள்ளங்கையை முன்னால் தள்ளினார். சைட்டில் ‘நிறுத்து’ என்பதற்கான சைகை அது. பேசும்போது கையும் சேர்ந்தே வந்துவிடும், பழக்க தோஷம். இடுப்பை வளைத்து, கழுத்தை நீட்டிக் கத்தினார். மறுபடியும். மறுபடியும். அப்பா அவருடைய கட்டைவிரலையே உற்றுப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அக்காவின் கையிலிருந்த செட்டு ஊமையாக இருந்தது.

“பேசறாருடி,” என்றாள் அக்கா. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “பேசிட்டுத்தான் இருக்காரு.”

அவள் நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செட்டைக் காதோடு வைத்து அழுத்தினாள். அழுத்தினால் கேட்டுவிடும் என்பது போல. மாடியில் அந்தக் கை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா சூடான காற்று ஊதும் துப்பாக்கியை எடுத்து வைத்திருந்தார்.

“குடுங்க, நான் பண்றேன்.”

“நீ கையை வெச்சா நாசம் பண்ணிடுவ. அப்புறம் உடைக்கும்போதுதான் கெட்டுச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது.” எதிரியிடம் பேசுகிற குரல்தான்.

ரெசின் சூட்டில் இளகி நாறியது. அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மெல்லிய உளியால் அப்பா கட்டியைச் செதில் செதிலாக எடுத்தார். அவசரமே இல்லை. தாம் கட்டிய சமாதியைத் தாமே தோண்டுகிற நிதானம். முதலில் டிரான்சிஸ்டரின் முதுகு தெரிந்தது, பெயர் தேய்த்த மொட்டை முதுகு. சின்னவள் விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு விளிம்பைப் பார்த்தாள்.

சிவப்புப் பொட்டு இருந்தது.

அவள் தந்த அதே டிரான்சிஸ்டர். அப்பா மாற்றவில்லை. ஒரு வாரமாக மனசுக்குள் அவரைத் திருடன் என்று வைததெல்லாம் வீண்பழி. அப்படியானால் தப்பு அவளுடையதா?

“இன்னும் எடுங்க,” என்றாள்.

அடுத்த செதில் பெயர்ந்து வந்தபோது செப்பு மின்னியது. அவள் பல்குத்தும் குச்சியால் தள்ளித் தள்ளி நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்த அரை வட்டம் பக்கவாட்டில் சாய்ந்து, தகரச் சுவரில் தோள் இடிக்கிற மாதிரி கிடந்தது. கஞ்சி மாதிரி ஊற்றிய ரெசின் வந்த வேகத்தில் தள்ளி, இறுகும்போது இழுத்து, அப்படியே பிடித்து வைத்திருந்தது. நிறைந்த பேட்டரியில் அந்தச் சாய்வை எப்படியோ சமாளித்து ஓடியிருக்கிறது. தேய்ந்ததும் தறிகெட்டுப் போயிருக்கிறது.

“நான் ஊத்த வேணாம்னு சொன்னேன்.”

“எத்தனை வருஷமா ஊத்தறேன். ஒண்ணும் ஆனதில்லையே.”

“அது பன்னெண்டு வோல்ட்டு. அதுல காயில் அத்தனை சுத்து. கொஞ்சம் அசைஞ்சா அதுக்கு உறைக்காது. இதுல இருக்கிறதே இந்த ஒரு வளைவு. நான் வாய் வலிக்கச் சொன்னேன். ‘ம்’னீங்க. ம்னுட்டு என் முதுகுக்குப் பின்னால ஊத்தியிருக்கீங்க. யாருக்குப் பயந்துப்பா? சைட்ல இருக்கிறவங்களா இதைத் திறந்து காப்பியடிக்கப் போறாங்க? எவனுக்குப் பயந்து ஊத்தினீங்க?”

அப்பா உளியைத் துடைத்தார். துடைத்த உளியை மறுபடி துடைத்தார்.

“உனக்குத்தான்டி,” என்றாள் அம்மா.

சின்னவள் அம்மா பக்கம் திரும்பினாள். பக்கத்து வீட்டு மெஷின் எதையோ அறுத்துக்கொண்டிருந்தது.

“அந்தப் பெரிய கம்பெனிக்காரன்கூட நீ ஃபோன்ல பேசினதைக் கேட்டுட்டாரு. வேலைக்கு வான்னு கூப்பிட்டானாமே. அன்னையிலேர்ந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை.”

“படிச்சவ,” என்றார் அப்பா, மேஜையைப் பார்த்தபடி. “றெக்கை முளைச்சா போயிடுவ. போகட்டும், நான் தடுக்கல. போகும்போது இதையும் பிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டா? கட்டியா இருந்தா என் கையில ஒண்ணாவது மிஞ்சும்னு...”

“அது என் தலையில இருக்குப்பா. தலையிலயும் ரெசின் ஊத்துவீங்களா?”

அவளுக்கு அழுகை வருகிற இடத்தில் சிரிப்பு வந்தது. அவர் பூட்டியது அவளுக்கு எதிராக. அவள் பொட்டு வைத்தது அவருக்கு எதிராக. நடுவில் இரண்டு பேருக்கும் முகம்கூடத் தெரியாத ஒருவர் இடுப்பொடிந்து கிடக்கிறார்.

முதலில் சுதாரித்துக்கொண்டது அப்பாதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கி, வியாபாரம் பேசுகிற குரலாகிவிட்டது.

“சரி. நடந்தது நடந்துபோச்சு. மாப்பிள்ளை பேரை நான் காப்பாத்தறேன். சாயங்காலம் நானே வந்து சொல்றேன், இந்த ஒரு செட்டுல மட்டும் பழுதுன்னு. கீழே விழுந்திருக்கும், அடிபட்டிருக்கும், எதையாவது சொல்லிக்கலாம். மத்த செட்டுகளை நான் ஒண்ணொண்ணா வாங்கி, கமுக்கமா மாத்திக் குடுத்துடறேன். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.”

“அதுதான் சரி,” என்றாள் அம்மா. வெங்காயத் தட்டு மறுபடி அவள் மடிக்கு வந்துவிட்டது. “இப்பவாவது ஒரு வழி பிறந்துச்சு.”

மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார். “எனக்கு அது போதும். என் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சா போதும்.” சொல்லிவிட்டு அக்காவைத் தேடினார். அக்கா மாடிக்குப் போயிருந்தாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அவள் இறங்கி வந்து அவருடைய ஃபோனை அவர் கையில் வைத்தாள்.

சின்னவள் பாதி உடைந்த கட்டியை ஒரு பழைய துண்டில் வைத்துச் சுற்றினாள்.

“ஒண்ணொண்ணா மாத்தற வரைக்கும் மத்தியானத்துல எல்லாரும் என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள்.

“அதான் பேட்டரியை மாத்திக்கச் சொல்லியிருக்கேன்ல.”

“பேட்டரி மாத்த மறந்தவரு தலையில எது விழும்?”

“நீ என்ன எங்களை நடுத்தெருவுல நிறுத்தணும்னே கிளம்பியிருக்கியா? செட்டு பூரா திரும்பி வந்துடும்டி. பட்டறைக்குப் பூட்டுதான்,” என்றாள் அம்மா.

“திரும்பி வரணும். அதுக்குத்தான் போறேன்.” செருப்பைக் காலால் துழாவினாள். “காலையிலயே கிரேன்காரருக்கு ஃபோன் போட்டுட்டேன். நான் வந்து பேசற வரைக்கும் நம்ம செட்டுல ஒரு சாமானும் தூக்க வேணாம்னு சொல்லிட்டேன். கொடியை வெச்சுக்கிட்டு வேலை பார்க்கறாங்களாம்.”

அப்பா எழுந்தே விட்டார். “காலையிலேயா? யாரைக் கேட்டு? உள்ள என்ன இருக்குன்னே உனக்குத் தெரியாதப்ப?”

“தெரியாததாலதான்.”

“அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் இந்தக் கூத்து? உடை, ஊது, மாடி ஏறுன்னு?”

“யாரு தப்புன்னு தெரியணும் இல்ல. என் தப்பா இருந்தா என் தப்புன்னு சொல்லியிருப்பேன். டிசைன் என்னுது, இப்பவும் அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன்.” அவள் துண்டு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “நீங்களே ‘வா, போய்ச் சொல்லுவோம்’னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

அவர் சொல்வதற்கு அவள் இடம் விட்டாள். அவர் மேஜையைப் பார்த்தார். சுவர் அலமாரியில் அனுப்பத் தயாராக நின்ற புதிய கட்டிகளைப் பார்த்தார். பிறகு பல்பை எடுத்து, அதன் கழுத்தைத் திருகிச் சரிபார்க்கிறவர் மாதிரி விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“அந்தக் கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிட்டியா?” என்று கேட்டார். அவருக்கு அதுதான் கேள்வி.

“இல்லை. இன்னைக்கு சைட்லேர்ந்து வந்ததும் சொல்லிடுவேன்.”

வாசல் தண்ணீரைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அக்காவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். இரண்டு பேராகவும் இருக்கலாம். கட்டி இன்னும் ஆறவில்லை. துண்டு வழியாக நெஞ்சைச் சுட்டது. அவள் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.